நிறுவனம் மாறினால் பணிக்கொடை என்னாகும்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

உழைப்பின் பெருமையைப் பேசாத மேடை இல்லை. எழுதாத ஏடும் இல்லை. ஆனால் பல்லாண்டு உழைத்த ஒருவர் வேலையை விட்டு வெளியேறும் நாளில் அவர் கைக்கு என்ன வர வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரிவதில்லை. பட்டம் பெற்றுச் செல்லும் நாம் ஒவ்வொருவரும் நாளை ஏதோ ஓர் இடத்தில் ஊழியராகச் சேரப் போகிறவர்களே. நம் பாட்டனார் காலத்தில் ஒரு மில்லில் சேர்ந்தவர் அதே மில்லில் ஓய்வு பெற்றார். இன்று இரண்டாண்டு இங்கே, மூன்றாண்டு அங்கே என்று மாறிச் செல்வதே வழக்கமாகி விட்டது. மாறும்போது சம்பளம் எவ்வளவு கூடும் என்று பார்க்கிறோம். விட்டுச் செல்லும் இடத்தில் எதை இழக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அவ்வாறு சத்தமின்றி இழக்கப்படும் பொருள்களில் ஒன்று பணிக்கொடை. நிறுவனம் மாறும்போது அது என்னாகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கொடையா? கடனா?

'கிராஜுவிட்டி' என்ற சொல், நன்றியையும் நன்கொடையையும் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் அதைப் 'பணிக்கொடை' என்கிறோம். கொடை என்றவுடன் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் நினைவு வருகிறது. கொடை என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. அதைக் கேட்டுப் பெற எவருக்கும் உரிமை இல்லை. தொடக்க காலத்தில் பணிக்கொடையும் அப்படித்தான் இருந்தது. முதலாளி விரும்பினால் கொடுப்பார், விரும்பாவிட்டால் இல்லை.

பின்னர் தொழிற்சங்கங்கள் போராடின, தீர்ப்பாயங்கள் தீர்ப்பளித்தன. கேரளம் 1970 ஆம் ஆண்டிலும், மேற்கு வங்கம் அதனை அடுத்தும் இதற்கெனச் சட்டம் செய்தன. நாடு முழுமைக்குமான பணிக்கொடை வழங்கல் சட்டம் 1972 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அது கொடையன்று; முதலாளி தொழிலாளிக்குப் பட்ட கடன். பெயரில் மட்டும் 'கொடை' ஒட்டிக் கொண்டிருக்கிறது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் நின்ற அச்சட்டத்தின் இடத்தில், 2025 ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 வந்துள்ளது. பழைய சட்டத்தின் அடிப்படை விதிகள் பெரும்பாலும் அப்படியே இதில் தொடர்கின்றன. சில புதிய நன்மைகளும் சேர்ந்துள்ளன.

அடிப்படை விதிகள்

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும், தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், துறைமுகம் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். ஒருமுறை பொருந்திவிட்டால், பின்னர் ஊழியர் எண்ணிக்கை பத்துக்குக் கீழே குறைந்தாலும் பொறுப்பு நீங்காது.

ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர், ஓய்வு பெற்றாலும் தாமாகவே ராஜிநாமா செய்தாலும் பணிக்கொடை பெறலாம். ராஜிநாமா செய்தவருக்கு இல்லை என்று சில இடங்களில் சொல்லப்படுவது தவறு. ஊழியர் இறந்து போனாலோ, விபத்தாலோ நோயாலோ உழைக்க இயலாமற் போனாலோ ஐந்து ஆண்டு நிபந்தனை கிடையாது.

நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்பது அளவு. கடைசி ஆண்டில் ஆறு மாதத்திற்கு மேல் பணி இருந்தால் அதையும் ஓர் ஆண்டாகக் கொள்ள வேண்டும்; ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் விட்டுவிட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் ஊதியத்தைக் காண, மாத ஊதியத்தை 30 ஆல் வகுக்கக் கூடாது. 26 ஆல் வகுக்க வேண்டும். மாதத்தில் வாராந்தர ஓய்வு நாள்கள் போக 26 வேலை நாள்கள் என்பது இதன் அடிப்படை. ஆகவே பதினைந்து நாள் ஊதியம் என்பது அரை மாதச் சம்பளத்தை விடச் சற்று அதிகம். கணக்கிடுவது கடைசியாக வாங்கிய ஊதியத்தின் மீது. உச்ச வரம்பு 2018 ஆம் ஆண்டில் 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சேமநிதியும் பணிக்கொடையும்

பலருக்கு ஏற்படும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'பி.எஃப். பணம் நாம் போகிற கம்பெனிக்கெல்லாம் கூடவே வருகிறதே, கிராஜுவிட்டியும் அப்படி வராதா?' என்று கேட்கிறார்கள். வராது. காரணம் என்ன?

சேமநிதி என்பது நம் பெயரில் உள்ள கணக்கு. மாதந்தோறும் நம் சம்பளத்தில் ஒரு பகுதியும் முதலாளியின் பங்கும் அதில் சேர்கின்றன. ஊழியருக்கென ஒரே நிலையான எண் 2014 முதல் வழங்கப்படுவதால், எத்தனை நிறுவனம் மாறினாலும் அந்த எண்ணின் கீழ்ப் பணத்தைத் தொடர்ந்து சேர்த்துக் கொள்ளலாம். பணிக்கொடைக்கு நம் பெயரில் அத்தகைய கணக்கு இல்லை. அது முதலாளி மீது உள்ள ஒரு பொறுப்பு மட்டுமே. ஐந்து ஆண்டு நிறைந்த பின், வேலையை விட்டு நீங்கும் நாளில்தான் அது பணமாகிறது. ஆகவே ஒரு முதலாளியின் பொறுப்பை இன்னொரு முதலாளி தாமாகச் சுமக்க மாட்டார். சேமநிதி தொழிலாளியைத் தொடர்கிறது. பணிக்கொடை முதலாளியோடு நின்று விடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்து கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

கணித மாணவன் என்ற முறையில் மூன்று தொழிலாளர்களை எடுத்துக் கொள்கிறேன். அவர்களை அ, ஆ, இ என்போம். மூவரும் மொத்தம் 12 ஆண்டு 8 மாதம் உழைத்தவர்கள். மூவரும் கடைசியாக வாங்கிய மாத ஊதியம் ரூ. 18,200. அதாவது நாளொன்றுக்கு ரூ. 700, பதினைந்து நாளுக்கு ரூ. 10,500.

அ என்பவர் ஒரே மில்லில் இருந்தவர். எட்டு மாதம் ஓர் ஆண்டாகக் கொள்ளப்படுவதால் அவருக்குப் 13 ஆண்டுகள். 10,500 ஐ 13 ஆல் பெருக்க, அவர் பெறுவது ரூ. 1,36,500.

இ என்பவர் இரண்டு மில்களில் இருந்தவர். முதல் மில்லில் 6 ஆண்டு 3 மாதம். அங்கே கடைசி ஊதியம் ரூ. 10,400. நாளுக்கு ரூ. 400, பதினைந்து நாளுக்கு ரூ. 6,000; ஆறு ஆண்டுக்கு ரூ. 36,000. இரண்டாம் மில்லில் 6 ஆண்டு 5 மாதம். அங்கே ஆறு ஆண்டுக்கு ரூ. 63,000. ஆக மொத்தம் ரூ. 99,000. அ என்பவரை விட ரூ. 37,500 குறைவு. அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது? முதல் ஆறு ஆண்டுகள் பழைய குறைந்த ஊதியத்தில் கணக்கிடப்பட்டதால் ரூ. 27,000, மூன்று மாதமும் ஐந்து மாதமும் தனித்தனியே விடுபட்டதால் ஓர் ஆண்டுக்குரிய ரூ. 10,500.

ஆ என்பவர் மூன்று மில்களில் இருந்தவர். முதலில் 4 ஆண்டு 4 மாதம், அடுத்த இரண்டிலும் 4 ஆண்டு 2 மாதம். அவர் பெறுவது சுழியம். அவர் சிந்திய வியர்வை மற்ற இருவருடையதற்கும் குறைந்ததன்று. ஆயினும் எந்த இடத்திலும் ஐந்தாண்டு நிறையாததால் 12 ஆண்டு 8 மாத உழைப்புக்கு ஒரு காசும் இல்லை. கூறுகளாகப் பிரித்துக் கணக்கிட்டுக் கூட்டினால் வருவதும், முழுமையாகக் கணக்கிட்டால் வருவதும் எப்போதும் சமமாக இருப்பதில்லை என்று வகுப்பில் படிக்கிறோம். அந்தப் பாடத்திற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு வேறில்லை.

இன்னொரு செய்தியும் நம் நண்பர்களுக்குப் பயன்படும். இன்று பல நிறுவனங்கள் வேலை உத்தரவில் ஆண்டு மொத்தச் சம்பளத்தைக் காட்டும்போது, அதற்குள் பணிக்கொடை என்று அடிப்படை ஊதியத்தில் 4.81 சதவீதத்தைச் சேர்த்துக் காட்டுகின்றன. இந்த விசித்திரமான எண் எப்படி வந்தது? 15 ஐ 26 ஆல் வகுத்து, பின் 12 ஆல் வகுத்தால் அதுவே வரும். நம் எடுத்துக்காட்டில் ஆண்டு ஊதியம் ரூ. 2,18,400, அதில் 4.81 சதவீதம் என்பது அதே ரூ. 10,500 தான். ஐந்தாண்டுக்கு முன் நாமாகவே விலகினால், சம்பளமாக எழுதிக் காட்டப்பட்ட இத்தொகை பெரும்பாலும் நம் கைக்கு வருவதே இல்லை. இரண்டு நிறுவனங்களின் சம்பளத்தை ஒப்பிடும்போது இதைக் கழித்து விட்டு ஒப்பிடுவதே அறிவுடைமை.

ஐந்தாண்டு என்பது எத்தனை நாள்?

சட்டத்தில் 'தொடர்ச்சியான பணி' என்பதற்குத் தனி விளக்கம் உண்டு. நோய், விபத்து, விடுப்பு, வேலை இல்லா நிறுத்தம், கதவடைப்பு, சட்டத்திற்கு முரணாகாத வேலைநிறுத்தம் ஆகியவற்றால் பணி தொடர்ச்சி அறுபடாது. அவ்வாறு தொடர்ச்சி இல்லாவிடினும், பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை ஓராண்டாகவே கொள்ள வேண்டும். நிலத்தடிச் சுரங்கத்திலும், வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்திலும் 190 நாள் போதும். சம்பளத்துடன் கூடிய விடுப்பும் மகப்பேறு விடுப்பும் இந்நாள்களில் சேரும்.

அப்படியானால் நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டா? உண்டு என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கருத்து. மேட்டூர் பியர்ட்செல் நிறுவனம் தொடர்பான வழக்கில் 1998 ஆம் ஆண்டில் இத்தீர்ப்பு வந்தது. சட்டத் தொகுப்பிலும் இவ்விதியின் சொற்கள் ஏறத்தாழ அப்படியே இருப்பதால் இத்தீர்ப்பு இன்றும் நமக்குத் துணை. ஆயினும் எல்லா நிறுவனங்களும் இதைக் கேள்வியின்றி ஒப்புக் கொள்வதில்லை. முடியுமானால் ஐந்து ஆண்டை முழுமையாக நிறைத்து விட்டு விலகுவதே நல்லது.

நான்கரை ஆண்டு முடித்த ஒருவருக்கு மாதம் ரூ. 3,000 அதிகமாகத் தருவதாக இன்னொரு நிறுவனம் அழைக்கிறது என்று கொள்வோம். ஆறு மாதம் பொறுத்தால் அவர் இழக்கும் கூடுதல் சம்பளம் ரூ. 18,000. பொறுக்காமல் சென்றால், ரூ. 18,200 ஊதியக்காரருக்கு இழப்பு ஐந்தாண்டுப் பணிக்கொடையான ரூ. 52,500. புதிய நிறுவனம் காத்திருக்க மறுத்தால், இந்த இழப்பை எடுத்துச் சொல்லி ஈடு கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

எந்த மாற்றத்தில் என்ன நிகழும்?

நிறுவனம் மாறுவது என்பது ஒரே வகையானதன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, ஒரே நிறுவனத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றம். திருநெல்வேலிக் கிளையிலிருந்து சேலம் கிளைக்குச் சென்றாலும் முதலாளி ஒருவரே. பணி தொடர்ச்சி அறுபடாது.

இரண்டாவது, ராஜிநாமா செய்து விட்டு வேறு நிறுவனத்தில் சேர்வது. இங்கே கணக்கு புதிதாகத் தொடங்கும். பழைய இடத்தில் ஐந்தாண்டு நிறைந்திருந்தால் அங்கே வாங்கிக் கொண்டு செல்ல வேண்டும். விட்டுச் சென்று மீண்டும் அதே நிறுவனத்திற்குத் திரும்பி வந்தாலும், எழுத்து மூலம் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் புதுக் கணக்குதான்.

மூன்றாவது, நிறுவனமே கை மாறுவது. ஆலை விற்கப்படுகிறது, அல்லது ஒரு வங்கி இன்னொரு வங்கியோடு இணைகிறது. தொழிலாளி எங்கும் போகவில்லை, முதலாளிதான் மாறினார். இத்தகைய மாற்றத்தில் தொழிலாளியைக் காக்க மூன்று நிபந்தனைகள் உள்ளன. அவரது பணி தடைப்படக் கூடாது. புதிய நிபந்தனைகள் பழையவற்றை விடக் குறைந்திருக்கக் கூடாது. பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் பழைய பணிக்காலத்தையும் சேர்த்தே இழப்பீடு தரப் புதிய முதலாளி கடமைப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பழைய முதலாளி ஆட்குறைப்பு இழப்பீடு தர வேண்டும். 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இவ்விதி இன்றைய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 1926 இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டபோது, ஊழியர் அனைவரும் அதே ஊதியத்தில் அதே நிபந்தனைகளின்படி பணியில் தொடர்வர் என்று இணைப்புத் திட்டத்திலேயே எழுதப்பட்டது. அவ்வாறு எழுத்தில் இருப்பதே ஊழியருக்குப் பாதுகாப்பு.

நான்காவது, ஒரே குழுமத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றம். இதுவே மிகுந்த கவனம் வேண்டியது.

பெயர் மாறும் கம்பெனிகள்

முதலாளி ஒருவராக இருக்கலாம். வாயிற்கதவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் பதிவு பெற்ற ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி ஆள். பங்குதாரர் வேறு, கம்பெனி வேறு என்ற இக்கருத்து இங்கிலாந்தில் 1896 இல் சாலமன் வழக்கில் நிலைநாட்டப்பட்டது. நம் நாட்டிலும் அதுவே நடைமுறை. ஆகவே சகோதர நிறுவனத்திற்கு மாற்றும்போது, பழைய பணிக்காலம் சேர்த்துக் கணக்கிடப்படும் என்று மாற்ற உத்தரவில் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் புதிய நிறுவனம் மொத்தக் காலத்துக்கும் பொறுப்பு. அதற்கு மாறாக ராஜிநாமாக் கடிதமும் புதிய வேலை உத்தரவும் கைமாறினால், காகிதத்தில் பணி அறுபட்டு விடுகிறது.

என் தந்தையார் ஒரு நூற்பாலையில் பதின்மூன்று ஆண்டுகள் வேலை செய்தார். அதே கூடம், அதே இயந்திரம், அதே மேஸ்திரி. இடையில் இருமுறை பெயர்ப்பலகை மட்டும் மாறியது. ஒவ்வொரு முறையும் எல்லாரிடமும் ஓர் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 'புதுப் பேருக்கு மாத்தறோம்ணே, ஒண்ணும் பயப்படாதீங்க' என்று அலுவலகத்துப் பையன் சொன்னானாம். எங்கள் வீட்டில் அத்தாளைப் படித்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. அது ராஜிநாமாக் கடிதம். எல்லாப் பாக்கியும் பெற்றுக் கொண்டேன் என்ற வாசகமும் அதிலேயே இருந்தது. வேலையை விட்டபோது, கடைசிக் கம்பெனியில் நான்கு ஆண்டுதான் ஆகிறது, கிராஜுவிட்டி கிடையாது என்று சொல்லி விட்டார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, பேராசிரியர் ஒருவரின் அறிவுரையால் தொழிலாளர் துறை அலுவலரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். சேமநிதிப் புத்தகமும், மாறாத இ.எஸ்.ஐ. எண்ணும், அப்பா பெட்டியடியில் போட்டு வைத்திருந்த பழைய சம்பள சிலிப்புகளும் எங்கள் சான்றுகள். விசாரணை நடந்து வருகிறது. முடிவு எதுவாயினும், ஒரே கூரையின் கீழ் ஓயாமல் நடந்த உழைப்பை மூன்று தாள்கள் மூன்று துண்டாக்க முடியும் என்பதை நேரில் கண்டேன்.

சம்மதமின்றி ஒருவரை இன்னொரு முதலாளிக்கு மாற்ற முடியுமா என்ற கேள்வி நம் கல்வித் துறையிலேயே எழுந்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இம்பாலில் நடத்திய பட்ட மேற்படிப்பு மையம் மணிப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் தம்மையும் சேர்த்து மாற்றியதை எதிர்த்தார். அவருடைய ஒப்புதல் இன்றி அவரை வேறு முதலாளியின் ஊழியராக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989 இல் தீர்ப்பளித்தது. அந்த ஒப்புதலின் பெயர்தான் கையெழுத்து. நாம் இடும் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது பாருங்கள்.

ஒப்பந்தக்காரர் மாறினால்?

ஆலையிலும் அலுவலகத்திலும் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்வோர் ஏராளம். காவலர், துப்புரவாளர், சுமை தூக்குவோர் இதில் பெரும்பகுதி. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் மாறுவார்; தொழிலாளி அதே இடத்தில் இருப்பார். இத்தகையோருக்கு ஐந்தாண்டு எங்கே நிறையும் என்பது கடினமான கேள்வி. மேட்டூர் அனல் மின் நிலையம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2012 இல், ஒப்பந்தத் தொழிலாளரின் பணிக்கொடையை முதன்மை நிறுவனம் கொடுத்து விட்டு, ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக் கொள்ளலாம் என்று கூறியது. இத்தகைய தொழிலாளர்கள் எந்தெந்த மாதம் எந்த ஒப்பந்தக்காரரின் கீழ் எங்கே வேலை செய்தோம் என்பதற்குச் சான்று வைத்திருப்பது மிகவும் அவசியம்.

ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்

நம் விரிவுரையாளர்கள் இப்பகுதியை ஆவலுடன் படிப்பார்கள் என்று நம்புகிறேன். பழைய சட்டத்தில் 'ஊழியர்' என்ற சொல்லின் விளக்கத்தில் ஆசிரியர் அடங்க மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2004 இல் கூறியது. அதன் பின் 2009 இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லுமாறு ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்தன. 2022 இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே ஒரு தனியார் கல்லூரியில் நான்காண்டு, இன்னொன்றில் நான்காண்டு என்று மாறும் ஆசிரியரும் மேற்சொன்ன 'ஆ' என்பவரின் நிலையில்தான் இருக்கிறார்.

அரசு ஊழியரின் பணிக்கொடை தனி விதிகளின்படி அமைந்தது. அங்கே ஒரு நல்ல வழி உண்டு. உரிய அனுமதி பெற்று, துறை வழியாக விண்ணப்பித்து இன்னோர் அரசுப் பணிக்குச் செல்வோரின் ராஜிநாமா, முறைக்காகச் செய்யப்படும் ராஜிநாமாவாகக் கொள்ளப்படுகிறது; பழைய பணி வீணாவதில்லை. போட்டித் தேர்வு எழுதும் நண்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

புதிய தொகுப்பு தரும் நன்மை

குறிப்பிட்ட காலத்துக்கென எழுத்து ஒப்பந்தத்தில் முதலாளியே நேரடியாக அமர்த்தும் ஊழியருக்கு இனி ஐந்தாண்டு தேவையில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்போது, பணியாற்றிய காலத்தின் விகிதப்படி பணிக்கொடை உண்டு; ஓராண்டு பணியே போதும் என்று அரசு விளக்கியுள்ளது. பத்திரிகையாளர்களுக்கு மூன்று ஆண்டு போதும்.

ஊதியம் என்பதன் விளக்கமும் மாறியுள்ளது. முன்பு அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் மட்டுமே கணக்கில் வந்தன. ஆகவே அடிப்படையைச் சிறிதாக்கிப் படிகளைப் பெரிதாக்கும் வழக்கம் வளர்ந்தது. இனி விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியை மீறினால், மீறிய பகுதியும் ஊதியத்தில் சேரும். மொத்தம் ரூ. 20,000 இல் அடிப்படை ரூ. 8,000, படிகள் ரூ. 12,000 என்றால், பாதியான ரூ. 10,000 க்கு மேல் உள்ள ரூ. 2,000 ஊதியத்தோடு சேர்ந்து, கணக்கு ரூ. 10,000 மீது நடக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

வேலையில் சேர்ந்தவுடன் உத்தரவில் உள்ள கம்பெனியின் முழுப் பெயரைப் படிக்க வேண்டும். பலகையில் உள்ள பெயரும் உத்தரவில் உள்ள பெயரும் வேறாக இருக்கலாம். சம்பள சிலிப்பிலும் சேமநிதிக் கணக்கிலும் எந்தப் பெயர் வருகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஓராண்டு முடிந்ததும் வாரிசு நியமனத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேறு கம்பெனிக்கு மாற்றினால், பழைய பணிக்காலம் தொடரும் என்று எழுதித் தரும்படி பணிவோடு கேட்க வேண்டும். ராஜிநாமாத் தாளை நீட்டினால், ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்து படித்த பின்பே கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட எந்தத் தாளுக்கும் ஒரு நகல் வேண்டும்.

வேலையை விட்டால் முப்பது நாளுக்குள் பணிக்கொடைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் வராவிட்டாலும் கணக்கிட்டுத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. உரியதான நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் முறையிடலாம். அவர் ஆணையிட்டும் தராதவரிடமிருந்து மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரிப் பாக்கி போல வசூலிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

முடிவுரை

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். நம் பெற்றோர் உழைக்கத் தெரிந்தவர்கள். உழைத்ததன் கணக்கைக் கேட்கத் தெரியாதவர்கள். கேட்பது நன்றிகெட்ட செயல் என்று கருதி வாய்மூடி நின்றவர்களும் உண்டு. கடனைக் கேட்பது நன்றி மறப்பது ஆகாது. நாம் கற்ற கல்வி நமக்கு வேலை வாங்கித் தருவதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு தாளைக் கையில் வாங்கி, யார் என் முதலாளி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று படித்துப் பார்க்கவும், தெருவில் உள்ள நாலு பேருக்குப் படித்துச் சொல்லவும் அது பயன்பட வேண்டும். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், தத்தம் வீட்டில் உழைப்பவர்களின் வேலை உத்தரவையும் சம்பள சிலிப்பையும் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஐந்தாண்டு நிறைய இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிச் சொல்லுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யக்கூடிய உடனடி உதவி அதுவே.